ஞாயிற்றுக்கிழமைத் திறப்பு

வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன் என்று கற்பிட்டியில் தாஹிருக்குப் பேர். கொரோனாக் காலத்தில் ஊரின் தனியார் பயிற்சி நிலையம் வகுப்புகளை இணையத்துக்கு மாற்றியது. ஆறு வருடமாகத் தற்காலிக எழுதுவினைஞனாகவே அங்கே குந்தியிருந்த தாஹிரின் தலையில்தான் அந்த வேலையும் விழுந்தது. பாடநெறியை யாரும் தயாரிக்கலாம். மாணவர்கள் பேர் பதிய அதைத் திறந்துவிடுவது அவன் ஒருவன்தான். முப்பது இடம் நிரம்பினால் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

திங்கள் காலை ஒன்பதுக்குத் திறப்பது வழக்கம். தாஹிர் ஞாயிறே திறந்துவிடுவான். எல்லாம் பத்தலங்குண்டுத் தீவுப் பிள்ளைகளுக்காகத்தான். அங்கே வீட்டுக்கு ஒரு போன், அதுவும் தகப்பனோடு கடலுக்குப் போய்விடும். ஞாயிறு பூசைநாள், தோணி இறங்காது. அன்றைக்கு மட்டுந்தான் போன் வீட்டில் கிடக்கும். போன வருடம் தீவிலிருந்து பதினொரு பேர் பதிந்தார்கள். 'நானா' என்று அவர்கள் அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடும் இவனுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

பெருமை நிலைக்குமா? திங்கள் பதிய வந்த உப்பளக்காரர் ஒருவரின் மகளுக்கு இடம் கிடைக்கவில்லை. பணிப்பாளர் ஹயாத்து முகம்மதுவின் காதுக்கு விஷயம் போனது. அடுத்த பதிவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எல்லோரையும் கூட்டிவைத்து, தாஹிரைக் கணினியின் முன்னால் இருத்தினார்.

"திறக்கிற உரிம உள்ள ஆக்கள்ட லிஸ்ட எடு."

எடுத்தான். ஒரே ஒரு பேர்.

"அத அழி. என்ட பேரப் போடு."

"சேர், நீங்களே…"

"உன்ட கையாலதான் அழிக்கணும். உன்ன நிரந்தரமாக்கிற கடிதம் என்ட மேசைலதான் இரிக்கி, மறந்துடாத."

தன் பேரின் எழுத்துகளை ஒவ்வொன்றாக அவனே அழித்தான்.

ஞாயிறு காலை தீவிலிருந்து றோசமேரி என்ற பெண் போன் எடுத்தாள். தாதி உதவியாளர் பாடநெறிக்கு முப்பது வயதுதான் எல்லை. அவளுக்கு வருகிற மாதம் முப்பது முடிகிறது. இந்தத் தடவை விட்டால் விட்டதுதான்.

"நானா, பூட்டிக் கிடக்கே?"

"பயப்படாதீங்க தங்கச்சி. ஒரு இடம் எப்பிடியும் வெச்சித் தாறன். நாளைக்கு அப்பா கரைக்கி வந்ததும் எடுங்க."

திங்கள் ஒன்பது மணிக்குப் பணிப்பாளருக்கு எதை அமுக்குவதென்றே தெரியவில்லை. வெட்கமில்லாத மனுசன், தாஹிரையே கூப்பிட்டு அமுக்கச் சொன்னார். ஒரு இடத்தைப் பிடித்துவைக்கலாம் என்று இவன் நினைத்திருந்தான். பணிப்பாளர் கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். இருபது நிமிடத்தில் முப்பதும் நிரம்பியது. மத்தியானம் பணிப்பாளர் பக்கத்தில் இருக்கும்போதே தாஹிரின் போன் அடித்தது.

"தீவா? சத்தமா வெச்சிக் கதை. நானும் கேக்கணும்."

வைத்தான். இவர்தான் ஞாயிறு திறக்கவிடவில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. மேசையில் கடிதம் கிடந்தது.

"பிந்திட்டீங்க தங்கச்சி."

தோணி எஞ்சின் இரைச்சலுக்கு மேலால் அவள் சொன்னாள்: "பரவாயில்ல நானா. உங்களால ஏலுமெண்டா செஞ்சிருப்பீங்க. மேல இருக்கிறவங்க பூட்டினா நீங்க என்ன செய்ற?"

பணிப்பாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். சிரித்து முடித்துக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

"இனி நீயே திற. உன்ட பேரத் திருப்பிப் போடு."

தாஹிர் போட்டான். அழித்ததைவிடச் சீக்கிரமாகவே போட்டான்.

அடுத்த வருடப் பதிவுக்கு முந்தின ஞாயிறு அவன் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண்பிள்ளை எடுத்தாள்.

"தாஹிர் நானாவா? றோசமேரி அக்காதான் நம்பர் தந்தா. நீங்க நல்லவராம், கேட்டா ஞாயித்துக்கிழமயே திறந்து விடுவீங்களாம்."

திறக்கும் உரிமை இப்போது அவனிடம் இருந்தது. கையெழுத்துக்காகக் காத்திருக்கும் கடிதம் எதுவும் இல்லை. பக்கத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவுமில்லை.

"நாளைக்கி ஒம்பது மணிக்கு."

"நாளைக்கி அப்பா போனக் கொண்டு போயிருவாரே நானா."

"எல்லாருக்கும் ஒம்பது மணிதான்" என்று போனை வைத்துவிட்டு, ஆறுவதற்குள் தேநீரைக் குடித்து முடித்தான்.