அண்ணி வரைந்த முதுகு

மோட்டார் ரூமின் தகரக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே, மாங்காய் அடுக்கும் மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை இல்லை. அவிழ்த்த கூந்தலை ஒரு கையால் முன்பக்கம் தள்ளிப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் தரையில் சம்மணம் போட்டு, மடியில் அட்டையை வைத்து அண்ணி வரைந்துகொண்டிருந்தார். சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே நின்ற என்னை இருவருமே பார்க்கவில்லை. அம்மாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று ஒரு நொடி பயந்துவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "பென்சிலு உங்கையில இருக்குது, எனக்கு எதுக்கு புள்ள கூசுது?" என்றாள். அப்போது எனக்குப் பதினேழு வயது. அம்மா அப்படிச் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை.

அண்ணி இண்டூர்ப் பக்கத்துப் பெண். வெளியூர் ஓவியக் கல்லூரியில் மூன்று வருடம் முடித்திருந்தபோது அவருடைய அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய்விட, அவசரமாக மாப்பிள்ளை பார்த்தார்கள். படிப்பை முடிக்க விடுவதாகச் சொல்லித்தான் எங்கள் வீட்டில் பெண் எடுத்தோம். கடைசி வருடத்தின் பாதியை விடுதியில் இருந்து படித்தார். வகுப்புகள் முடிந்து, இறுதித் தேர்வாக நடக்கும் கண்காட்சிக்கான படங்கள் மட்டும் பாக்கி இருந்தபோது, வீட்டிலிருந்தே வரைந்து கொண்டுவரலாம் என்று கல்லூரியில் அனுமதி வாங்கிக்கொண்டு மொரப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். பெயிண்ட் வாசனை அப்பாவுக்கு ஆகாது. அதனால் மாந்தோப்பில் இருந்த மோட்டார் ரூமை ஒழித்துக் கொடுத்தார்கள்.

கண்காட்சிக்குக் கல்லூரி கொடுத்த தாளில் நான்கு சொற்கள் இருந்தன: அடையாளம், பண்பாடு, பெண்மை, இயற்கை. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எதை எடுப்பது என்று அண்ணி பல நாள் குழம்பினார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு முதுகு தேய்த்துவிடும்போது அந்தத் தழும்புகளைப் பார்த்திருக்கிறார். மாங்காயின் காம்பை ஒடித்தால் பால் பீய்ச்சும். பட்ட இடம் வெந்து கறுத்துவிடும். இருபது வருடமாகத் தலையில் கூடை சுமந்த அம்மாவின் கழுத்திலிருந்து இடுப்பு வரை அந்தப் பால் வழிந்து வழிந்து தடம் போட்டிருந்தது. ரவிக்கைக்கு மேலே கழுத்தடியில் இருந்த ஒரு தழும்பு மாவிலை போலவே இருக்கும். அது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

"அத்தை, உங்க முதுகை வரையட்டுங்களா?" என்று கேட்டபோது, "இதுல என்னா இருக்குது வரையறதுக்கு?" என்று அம்மா எழுந்து போய்விட்டாளாம். மூன்றாம் நாள் தானாகவே தோப்புக்கு வந்து, "மூஞ்சி மட்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டி மேல் உட்கார்ந்தாளாம். அண்ணி இதை என்னிடம் சொன்னபோது அவர் கண்கள் மின்னின. அம்மாவின் பழைய பருத்திச் சேலை ஒன்றைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி அதில்தான் வரைந்தார். செம்மண்ணைச் சலித்துக் கரைத்த நிறம், மஞ்சள், கரி. படம் வளர வளர அம்மாவின் முதுகு ஒரு மாமரத்தின் அடிமரமாக மாறிக்கொண்டு வந்தது. கழுத்தடியில் கிளைகள் பிரிந்தன. தழும்புகள் பட்டையில் இருக்கும் வெடிப்புகளாயின; மாவிலைத் தழும்பு மட்டும் அப்படியே இருந்தது. எதிரில் நின்று பார்த்தால் மரமா பெண்ணா என்று சொல்ல முடியாது. அம்மா மட்டும் தினம் வந்து பார்த்துவிட்டு, "இங்க இன்னொண்ணு இருக்குது பாரு, விட்டுட்ட" என்று தன் முதுகைத் தடவிக் காட்டுவாள்.

வேலை முடிந்ததும் அண்ணி அதைக் கைபேசியில் படம் எடுத்துக் கல்லூரிக்கு அனுப்பினார். ஆசிரியர்களுக்குப் பிடித்துப்போய் அதையே கண்காட்சி அழைப்பிதழில் போட்டார்கள். அந்த அழைப்பிதழ் எப்படியோ சுற்றி, தருமபுரியில் இருக்கும் சித்தப்பா மகனின் கைபேசிக்கு வந்தது. 'இது நம்ம பெரியம்மா தழும்பு மாதிரியே இல்ல?' என்று எழுதி அவன் உறவுக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டான். அவன் கெட்ட எண்ணத்தில் போட்டதாக நான் இன்றும் நினைக்கவில்லை. ஆனால் மாலைக்குள் நான்கு ஊரிலிருந்து அப்பாவுக்கு போன் வந்துவிட்டது.

வாசலில் அப்பா நின்றார். அண்ணன் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணியைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டு, அப்பா கைபேசியை அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இது நீதானா?"

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். படத்தைப் பார்த்தாள். 'ஆமாங்க, நான்தான் வரையச் சொன்னேன்' என்று இப்போது சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள் அம்மா. "குளிக்கறப்போ பாத்து வெச்சிருந்து வரைஞ்சிருப்பா."

அண்ணி அம்மாவைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். கதவுக்கு வெளியே தூக்கோடு நின்றதை அன்றே அவரிடம் சொல்லியிருந்தேன். நான் பார்த்தது அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அதற்குள் அப்பா, "பொம்பளப் புள்ளய படிக்க வெச்சா இதுதான் வரும்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நர்சிங் படிப்புக்கு நான் விண்ணப்பம் போட்டிருந்த நேரம் அது. நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமாங்க மாமா. அத்தைக்குத் தெரியாது. நானாத்தான் வரைஞ்சேன்" என்றார் அண்ணி.

மோட்டார் ரூமுக்குப் பூட்டுப் போட்டு அப்பா சாவியை எடுத்துக்கொண்டார். கண்காட்சிக்கு நான்கு நாள் இருந்தது. மூன்றாம் நாள் அண்ணி கிணற்றடியில் என்னைத் தனியாகப் பிடித்தார். "பாப்பா, படத்தைக் கூட விட்டுடறேன். பரிச்சைக்குப் போக மட்டும் விடச் சொல்லேன். நீ பாத்ததை உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா, விட்டாலும் விடுவாரு" என்றார். "எனக்குப் பயமா இருக்குதுங்க அண்ணி" என்றேன். எதற்குப் பயம் என்று அவர் கேட்கவில்லை. என் கையை விட்டுவிட்டார்.

கண்காட்சி நாளன்று காலையில் அவர் குளித்து, கல்லூரிக்குப் போகும்போது உடுத்தும் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, தோள்பையோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். போ என்றும் யாரும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அண்ணன் டிராக்டரை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டார். அம்மா அவரைச் சுற்றிக்கொண்டு வாசல் தெளித்தாள். தூரத்தில் ரயில் ஊதும் சத்தம் கேட்டது. அது போய்ச் சத்தம் அடங்கியதும் அண்ணி எழுந்து உள்ளே வந்து, பையை ஆணியில் மாட்டிவிட்டு அரிசி களையப் போனார். அவருடைய நான்கு வருடப் படிப்பு அத்தோடு நின்றது.

படத்தை அப்பா கொஞ்ச நாள் கழித்துச் சட்டத்திலிருந்து கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டார். பழைய பருத்தித் துணி நன்றாக எரிந்தது. அன்றைக்கு அந்தத் தண்ணீரில்தான் அம்மா குளித்தாள். முதுகு தேய்க்க அண்ணியைக் கூப்பிடவில்லை. அதன் பிறகு எப்போதுமே கூப்பிடவில்லை.

எனக்கு நர்சிங்கில் இடம் கிடைத்தது. முதல் வருடம் உடற்கூறு பாடத்துக்கு நிறையப் படங்கள் வரைய வேண்டும். எனக்கு நேர்கோடு கூட வராது. விடுமுறைக்கு வந்தபோது அண்ணி கேட்காமலே என் ரெக்கார்டு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டார். கைக்குழந்தையைக் காலில் போட்டுத் தூங்க வைத்தபடியே இதயம், சிறுநீரகம், கருப்பை என்று ஒவ்வொன்றாக வரைந்து கொடுத்தார். கருப்பையின் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் மேடம் நோட்டை வகுப்பு முழுவதும் சுற்றிக் காட்டினார். வரைய வேண்டியவற்றில் முதுகுத் தசைகளின் படமும் ஒன்று. அதை மட்டும் அவரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தோழி ஒருத்தியிடம் கெஞ்சி வரைந்து வாங்கினேன். அண்ணி நோட்டைப் புரட்டும்போது அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்றார். "ஓரத்துல கோடு சரியா வரல" என்று மட்டும் சொல்லி, ரப்பர் எடுத்துத் திருத்திக் கொடுத்தார்.

இப்போது நான் தருமபுரியில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். அப்பா போய்ச் சில வருடம் ஆகிறது. அம்மா கடைசி ஐந்து மாதம் படுக்கையில் இருந்தாள். படுத்தே கிடப்பவர்களுக்கு முதுகில் புண் வந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும் என்று நான்தான் அண்ணிக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஐந்து மாதமும் அவர் அதைத் தவறாமல் செய்தார். அம்மாவின் முதுகில் ஒரு புண் வரவில்லை. அந்த முதுகை அத்தனை முறை துடைத்தபோது இருவரும் ஏதாவது பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. நான் போகும் நாட்களில் அம்மா சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள்.

காரியம் முடிந்த மறுநாள் தோப்பில் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா தானாகப் போய் உட்கார்ந்ததை, சிரித்ததை, நான் பார்த்ததை. அண்ணன் ஒரு மாங்கிளையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். அண்ணி அம்மாவின் சேலைகளை யாருக்குக் கொடுப்பது என்று பிரித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணனுக்குத் தெரியுமாம்" என்றேன்.

"தெரியும் பாப்பா" என்றார், கையை நிறுத்தாமல். "குரூப்புல போட்ட அந்தப் படத்தை மொதல்ல அவருதான் பாத்தாரு. மத்தியானமே தோப்புக்கு வந்து, 'எங்கம்மாவைக் காட்டிக் குடுத்துடாத, உனக்கு நான் இருக்கறேன்'னு சொல்லிட்டுப் போனாரு. நானும் சரின்னுதான் வந்து நின்னேன். ஆனாலும் அத்தை சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன். அவங்க சொல்லலன்னதும் நீ சொல்லுவேன்னு நெனச்சேன்."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு சேலையை நான்காக மடித்துத் தட்டி வைத்துவிட்டு அவர் மறுபடி பேசினார்.

"மூஞ்சியையும் வரைஞ்சிருக்கணும் பாப்பா. வேணாம்னு சொன்னாங்களேன்னு விட்டுட்டேன். வரைஞ்சிருந்தா அவங்க சிரிச்சிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தாங்கன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கும்."

இதையாவது இனி எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும், சித்தப்பா வீட்டிலிருந்தே தொடங்குகிறேன் என்று நான் ஆரம்பித்தேன். அண்ணி சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம். யாருகிட்டயும் சொல்லாத. அத்தைக்குப் பேரு கெட்டுப்போயிடும்."

சரிங்க அண்ணி என்றேன். வாயை மூடிக்கொள்வது எனக்குப் பழகியிருந்தது.