ஒரு மிதிக்கு இரண்டு அடி

என் பிள்ளைகளே, கர்த்தர் என் கண்ணைத் திறந்த விதம் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

உலக யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருவொற்றியூரில் அரிக்கேன் விளக்கு செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. சாயங்காலம் ராயபுரத்தில் வகுப்புக்குப் போவேன். ஒரு சாமானை எப்படி வடிவமைப்பது, அதைச் செய்யும் இயந்திரங்களை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

எங்களிடம் மோட்டாரில் ஓடும், தகடு வெட்டும் பிரஸ் ஒன்று இருந்தது. காலால் ஒரு மிதி மிதித்தால் மேலிருந்து ஒரு அடி விழும். வெட்டின தகட்டைக் கையால் எடுக்க வேண்டும். ஒருநாள் ஒரு மிதிக்கு இரண்டு அடி விழுந்தது. முனுசாமி அண்ணனுடைய வலதுகை விரல்கள் போய்விட்டன.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த இரண்டாவது சத்தம் என்னை விடவில்லை. சோற்றில் கை வைத்தால் கேட்டது. கோயிலில் எல்லாரும் பாடும்போது நடுவே கேட்டது. உங்கள் அம்மா கதவைச் சாத்தினால்கூட அடுத்த சத்தத்துக்காகக் காத்திருப்பேன்.

ஃபிட்டர் பிரித்துப் பார்த்தார். பழுது ஒன்றும் இல்லை. "அதுக்கு ரத்த ருசி தெரிஞ்சிபோச்சி" என்று பேசிக்கொண்டார்கள்.

பிறகு அந்த இடத்தில் உங்கள் தேவராஜ் மாமாவைப் போட்டார்கள். அம்மாவின் ஒரே தம்பி. மாட்டேன் என்று சொல்லிவிடடா என்றேன்.

"இன்னா மாமா, படிச்சிகினு கீற நீயே பேயி பிசாசுன்னா எப்டி? அது என்னியத்தான் தேடிகினு கீதா?" என்று சிரித்தான். முகம் சிரிக்கவில்லை.

பாதுகாப்புக்கு என்னென்னவோ வரைந்து பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, என் படிப்பு போதவில்லை. அந்தப் பிள்ளையின் கையைக் காப்பாற்றும்" என்று அழுதேன். அப்போது வகுப்பு வாத்தியார் சொன்னது நினைவுக்கு வந்தது: புத்தகத்து இயந்திரத்தை வரையாதே, எதிரில் நிற்பதை வரை.

காலையில் போய் அதன் எதிரே உட்கார்ந்து உள்ளபடியே வரைந்தேன். எண்ணெய்க் கறை, குங்குமப் பொட்டு எல்லாம். மிதியிலிருந்து மேலே போகும் கம்பியில் ஆயுத பூஜைக்குக் கட்டின மஞ்சள் துணி இருந்தது. அதையும் வரைந்தேன். என் பென்சில் நின்றுவிட்டது. கம்பி நுழையும் துளைக்குப் பக்கத்தில் முடிச்சு இறங்கியிருந்தது. மிதிக்கும்போது முடிச்சு துளையில் சிக்கினால் மிதி மேலே வராது. மிதி வராவிட்டால் மறுபடி அடி விழும். ஃபிட்டர் ஒவ்வொரு முறையும் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, எண்ணெய் படாமல் மேலே தள்ளிவிட்டுத்தான் பிரிப்பார். பிறகெப்படிப் பழுது தெரியும்?

நிமிர்ந்தேன். அதற்குள் வேலைக்கு வந்து நின்ற தேவராஜ் மிதித்துவிட்டான். அடி விழுந்தது. தகட்டை எடுக்கக் கையை நீட்டினான்.

"எட்றா கைய!" என்று கத்தினேன்.

இழுத்துக்கொண்டான். இரண்டாவது அடி வெறும் தகட்டில் விழுந்தது.

கூட்டம் கூடியது. துணியை அவிழ்க்க ஒருவருக்கும் துணிவில்லை. கேட்டில் காவலுக்கு வைத்திருந்த முனுசாமி அண்ணன் வந்தார். "நான் கட்னது, நானே அவுக்கிறேன்" என்று இடது கையால் அவிழ்த்தார். துணியைப் பார்த்துக்கொண்டே என்னைக் கேட்டார்: "அப்போ என் கைய நானேதான் வெட்டிகினேனா, நைனா?"

நம்பிக்கையோடு கட்டின மனுஷர் அவர். அந்தக் கம்பிக்குத் தகரத்தில் ஒரு மூடி வடிவமைத்தேன். துணி கட்டுகிறவர்கள் கட்டட்டும் என்று பிரஸின் உச்சியில் ஒரு கொக்கியும் வைத்தேன். மனுஷர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் சேர்த்து வரைய அன்றுதான் கற்றேன்.

இரண்டாவது சத்தம் இப்போதும் சில நாட்களில் கேட்கிறது. முன்பு காதைப் பொத்திக்கொள்வேன். இப்போது முனுசாமி அண்ணனுக்காக ஜெபிக்கிறேன். அவர் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, கர்த்தரிடம் இருக்கும்.

நம் சின்னப் பாப்பாவின் ஞானஸ்நானத்தில் அவளை ஏந்தி நின்றது தேவராஜ் மாமாதான். அந்த இரண்டு கைகளையும் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னேன். பிள்ளைகளே, பயம் வந்தால் முகத்தைத் திருப்பாதீர்கள். அவரைக் கூப்பிட்டுக்கொண்டு, பயமுறுத்துவதையே நேராகப் பாருங்கள். அவர் காட்டுவார்.