எண்பதடி வடிகால்

நுழைவாயில் வளைவைத் திறக்க அன்றைக்கு எங்கள் நகருக்கு வந்திருந்தவர்கள் பேரூராட்சி செயல் அலுவலர், வார்டு உறுப்பினர், மனை போட்டு விற்ற முதலாளி, ஒப்பந்ததாரர். எங்கள் பக்கம் நானும் என் மனைவியும். போட்டோ எடுத்தவரையும் சேர்த்தால் ஏழு பேர்.

நகர் என்றால் பெயருக்குத்தான். வெண்ணாற்றுத் தண்ணீரில் சம்பா விளைந்த வயல் அது. வயலை மனையாக்க அனுமதி வேண்டுமென்றால், சாலைக்கும் வடிகாலுக்கும் என்று முதலாளி பேரூராட்சிக்குப் பணம் கட்ட வேண்டும். முதல் தவணையைக் கட்டினார். முழுத் தொகையையும் மனை விலையிலேயே எங்களிடம் கறந்துவிட்டார். ஆக, பணம் எங்களுடையது, செலவழிக்கிற பெருமை பேரூராட்சியுடையது.

செலவு கண்ணுக்குத் தெரிந்தது, குறை சொல்லக்கூடாது. நுழைவாயிலில் பெரிய வளைவு. அதில் வந்தவர்கள் பெயரெல்லாம் பொன் எழுத்தில். வடிகால் மட்டும் என் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. வாய்க்காலுக்கு இன்னும் எண்பதடி. ஐப்பசி பிறக்கப் பத்து நாள். மழை பிடித்தால் மேலே உள்ள வீடுகளின் தண்ணீரெல்லாம் என் வீட்டுக்குள்தான் இறங்கும். நல்ல வெயில் அடிக்கும்போதே அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிவைத்தவன் நான்.

எட்டாவதோடு நின்றவன் நான், அதிகாரியிடம் இழுத்து இழுத்துத்தான் கேட்டேன்.

"சார், அந்த மிச்ச எண்பதடி..."

"ரெண்டாவது தவணை வரலைங்க. பணம் இல்லாம எப்படிப் போடுறது?" என்றார் செயல் அலுவலர்.

முதலாளி பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார். "வேலை முடியட்டுங்க, கட்டிடுறேன். அரைகுறை வேலைக்கு யாருங்க முழுப்பணம் தருவா?"

"அத விடுங்கண்ணே, வளைவு எப்படி வந்திருக்கு பாத்தீங்கள்ல?" என்று வார்டு உறுப்பினர் என் தோளில் கைபோட்டார்.

"நல்லா அகலமாத்தான் இருக்குங்க. வெள்ளம் வந்தா குடும்பத்தோட மேல ஏறி உக்காந்துக்கலாம்," என்றாள் என் மனைவி.

ஒப்பந்ததாரர் மட்டும் சிரித்தார்.

"சாலையோரமா நானே மண்ண வெட்டி விட்டுக்கவா சார்?" என்று கேட்டேன்.

"அனுமதி இல்லாம பேரூராட்சி இடத்தத் தோண்டினா அபராதங்க," என்றார் செயல் அலுவலர்.

மறுநாள் காலையிலேயே தோண்டினேன். மடை வெட்டிப் பழகிய கைக்கு எண்பதடி ஒன்றும் பெரிதில்லை. முதல் மழைத் தண்ணீர் வீட்டுப் படியை நக்கிவிட்டு, வாய்க்காலுக்குப் போய்விட்டது. அந்த வாரமே அபராத நோட்டீசும் வந்தது. இரண்டாயிரம் ரூபாய். பயந்துபோய் அன்றைக்கே கட்டிவிட்டேன்.

முதலாளி இன்னும் கட்ட வேண்டிய பாக்கி நான்கு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய்.