ஷேடோவைத் தூக்குங்க

வகுப்பு எடுத்த சாருக்கு நிழல் என்றாலே ஆகாது. "ஷேடோவைத் தூக்குங்க, ஷேடோவைத் தூக்குங்க" என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே பாட்டு. படத்தில் எங்காவது ஒரு மூலை இருட்டாகத் தெரிந்தால் அதை வெளிச்சமாக்க அவருக்குக் கை அரிக்கும். அந்த வார்த்தையை இப்போது யார் சொன்னாலும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறுகிறது.

நான் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறேன். பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன், மஞ்சள் நீராட்டு ஆல்பம், இதுதான் பிழைப்பு. இப்போதெல்லாம் கல்யாண ஜோடிகள் பின்னால் வயல் வேண்டும், ஏரி வேண்டும் என்கிறார்கள். அதனால் எச்.டி.ஆர். கற்றுக்கொண்டு வா என்று ஓனர் என்னைக் காஞ்சிபுரத்தில் நடந்த வகுப்புக்கு அனுப்பினார். விஷயம் எளிதுதான். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரே காட்சியை இருட்டாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று மூன்று படம் எடுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் மூன்றையும் சேர்த்தால் வானமும் வெளுக்காது, தரையும் கறுக்காது. கண்ணுக்குத் தெரியாமல் போனதெல்லாம் தெரியும்.

என் முதல் படங்கள் கண்றாவி. வானம் கத்தரிக்காய் நிறம், நெல் கிளிப்பச்சை, பனைமரத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு. ஓனர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமா, பனமரத்துக்கு சீரியல் லைட்டு கட்டிக்கீற? திருவிழாவா?" என்றார். எனக்கே சிரிப்பு வந்தது. அதுவரைக்கும் இந்த வேலை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அப்புறம் வீட்டுப்பாடம் வந்தது. தான் எடுத்த மூன்று படங்களை சார் வாட்ஸப் குரூப்பில் போட்டார். "விடியற்கால ஏரி. சேர்த்து எடிட் பண்ணிப் போடுங்க. ஷேடோல நிறைய டீடெயில் இருக்கு, விடாதீங்க." மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் திறந்தேன். கைப்பிடி உடைந்த மதகையும் அதை ஒட்டி நிற்கும் இரட்டைப் பனையையும் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் ஊர் ஏரி! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது. எவ்வளவோ ஏரி இருக்க நம் ஏரியைத் தேடி வந்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டே, கரையின் இடது பக்கம், வேலிக்காத்தான் புதர் இருக்கிற பக்கம், ஷேடோவைத் தூக்கினேன்.

அங்கே பெண்கள் இருந்தார்கள்.

கரையின் அந்தப் பக்கம் விடிவதற்கு முன்னால் பெண்களுடையது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் கரைமேல் போக வேண்டிய ஆண், தூரத்திலேயே இருமுவான். வண்டியில் வந்தால் லைட்டை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போவான். இருமல் கேட்டதும் பெண்கள் எழுந்து நிற்பார்கள், அவன் தலையைத் திருப்பாமல் கடந்து போவான். எங்கள் ஊரில் குடித்துவிட்டுப் புரண்டு எழுந்து வருகிறவன்கூட அந்த இடம் வந்தால் இருமுவான்.

வீட்டில் கக்கூஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கட்டி முடித்ததற்கு அத்தாட்சியாக என் அண்ணியை அதன் கதவு பக்கத்தில் நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஏரி நிரம்பினால் எங்கள் தெருவில் கை வைத்த இடமெல்லாம் ஊற்று. குழி நிரம்பி மேலே வரும். மழைக்காலம் முடிகிறவரை அதற்குள் விறகுதான் இருக்கும். கோடையில் வந்து படம் எடுத்த மகராசர்கள் ஐப்பசியில் ஒரு நடை வந்து எடுத்தால் குறைந்தா போவார்கள்?

படத்தில் முன்னால் இருந்தது என் அண்ணி. என் அண்ணன் மனைவி. இருட்டுப் படத்தில் குந்தியிருக்கிறாள். நடுப் படத்தில் பாதி எழுந்திருக்கிறாள். வெளிச்சப் படத்தில் நிமிர்ந்து நின்று நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். முதல் படம் எடுத்ததும் கேமராவைப் பார்க்க அவன் டார்ச் அடித்திருப்பான், அதைப் பார்த்து எழுந்திருக்கிறாள். ஆமாம், அவன்தான். இனி அவனுக்கு மரியாதை கிடையாது.

மூன்றையும் சேர்த்தபோது மூன்று அண்ணியும் ஒருவர்மேல் ஒருவராகப் புகைபோல நின்றார்கள். அசைந்துவிட்ட ஆட்களைச் சரிசெய்ய ஒரு பொத்தான் உண்டு. அது ஒரு படத்தில் இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடும். எதை வைத்துக்கொள்ளும் என்பது மெஷின் இஷ்டம். குரூப்பில் இருந்த அத்தனை பேரும் அந்நேரம் அதே பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மானாம்பதிக்காரர். அண்ணி களையெடுக்கப் போகிற நிலம் அவருடையது.

 குரூப்பில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால் திறக்காதவனும் திறந்து பார்ப்பான். அதனால் கரையின் இடது பக்கத்தை அடுப்புக்கரியாகக் கறுக்கவைத்து என் பாடத்தைப் போட்டேன். அதைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்வார்கள் என்று ஒரு நப்பாசை. உடனே அவனிடமிருந்து பதில் வந்தது. "இடது பக்கம் முழுக்கக் கறுப்பு. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், நல்ல டீடெயில். ஷேடோவைத் தூக்கித் திரும்பப் போடவும்."

அப்படியானால் பார்த்திருக்கிறான். போன் போட்டேன்.

"சார், அந்த மூணு படத்தையும் எடுத்துடுங்க. கரையில பொம்பளைங்க கீறாங்க."

"ஆமாம்மா, பாத்தேனே. நாத்து நடப் போறவங்க. ஹ்யூமன் எலிமெண்ட். படத்துக்கு ஒரு உயிர் குடுக்குது."

"விடியறதுக்கு முன்ன முள்ளுச்செடி மறைவுல எவ சார் நாத்து நடுவா?"

 "ஐயோ, சாரிம்மா" என்றான். "ஒண்ணு பண்றேன். அவங்கள மட்டும் பிரஷ் வச்சு அழிச்சிட்டு புது ஃபைல் அனுப்பறேன். ஆள் இருந்த தடமே தெரியாது."

கடப்பாரையை முழுங்கிவிட்டுச் சுக்குக் கஷாயம் குடிக்கிற கதை. "அழிக்கவேண்டியது அவங்கள இல்ல சார், உங்க படத்த. எல்லாரையும் அழிக்கச் சொல்லுங்க."

"என்ன காரணம்னு சொல்றது?"

அவன் வாயாலேயே காரணத்தைச் சொல்லவைக்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. விழுங்கினேன். "இன்னா வேணா சொல்லுங்க. இத மட்டும் சொல்லாதீங்க."

"ஃபைலில் டெக்னிக்கல் பிரச்சினை. அனைவரும் டெலிட் செய்யவும்" என்று போட்டான். வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்தன. யார் அழித்தார்கள், யார் வைத்திருக்கிறார்கள், யாருக்குத் தெரியும்? மானாம்பதிக்காரரும் ஒரு கட்டைவிரல் போட்டார். அதை வைத்து என்ன கண்டுபிடிக்க முடியும்? என் அண்ணி டெக்னிக்கல் பிரச்சினையாகிவிட்டாள், அதற்கு நானும் ஒத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மானாம்பதிக்காரர் வயலில் நாளைக்கும் குனிந்து வேலை செய்யப்போகிறவள் அவள்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கை நின்றது. "ஆமா, அன்னிக்கி லைட்டு அடிச்சிது. இருமலு ஒண்ணும் கேக்கல. இன்னாடா இதுன்னு பாத்தேன்" என்றாள். அப்புறம், "மூஞ்சி தெரிதா?"

"தெரிது, அண்ணி."

கீரையைக் கீழே வைத்தாள். "நான் நின்னுக்கினு கீறனா, குந்திக்கினு கீறனா?"

இதற்கு என்னிடம் மூன்று பதில் இருந்தது. "நின்னுக்கினுதான் கீற" என்றேன்.

"அப்ப செரி" என்றாள். முகம் தெளிந்துவிட்டது. கீரையை மறுபடி எடுத்துக்கொண்டு, "டக்குனு எய்ந்துட்டேன், எனக்கு தெரியும்" என்றாள்.

அந்த நிம்மதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்போதே பஸ் ஏறிப் போய் அவன் வீட்டுக்குள் நுழைந்து, அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று ஆத்திரம் வந்தது. போயிருந்தாலும், வாசலில் நின்று இருமிவிட்டுத்தான் உள்ளே போயிருப்பேன்.