கட்டிங்கில் பெயர் கேட்பதில்லை

1. கம்பிக்கு அந்தப் பக்கம்

“சார், அந்தத் தம்பி எடுத்துட்டுப் போனது பிராந்தி இல்லீங்க. களைக்கொல்லிங்க.”

கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இப்படிச் சொன்னபோது மதியக் கூட்டம் ஓய்ந்திருந்தது. அரியலூருக்கு வெளியே இருக்கும் ஓர் அரசு மதுக்கடையில் நான் சூப்பர்வைசர். பி.எஸ்சி. படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன். வீடு பெரம்பலூரில். பாட்டிலை உடைத்துச் சண்டை போட்டவர்களையும், செத்துப்போன மாமியாரை நினைத்து அழுதவர்களையும் இந்தக் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். அந்த மனிதரின் முகத்தைப் போல ஒன்றை அதற்கு முன் பார்த்ததில்லை. குடித்த போதை மொத்தமும் இறங்கி, முகம் சாம்பல் பூத்திருந்தது.

சேல்ஸ்மேன் செல்வராசு அவரை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டான்.

“என்னாண்ணே, ஒரு கட்டிங்குக்கே இப்புடிப் பேசுறீங்க?”

அவர் மஞ்சள் பைக்குள் கையை விட்டு ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து வைத்தார். பாதி இருந்தது. “நீங்களே மோந்து பாருங்க. இதான் பிராந்தி. வயல்ல போயி மருந்தடிக்கிற டேங்குல ஊத்தலாம்னு தொறந்தேன். வாசம் வந்திச்சு. அப்படியே ஓடியாறேன்.”

அவர் பெயர் ராமலிங்கம். பக்கத்து ஊரில் மக்காச்சோளம் போட்டிருந்தார். அவரும் பங்காளியும் சேர்ந்து ஒரு கேன் களைக்கொல்லி வாங்கிப் பிரித்துக்கொண்டார்கள். தன் பங்கை ஒரு காலி குவார்ட்டர் பாட்டிலில் பாதி அளவுக்கு ஊற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வயலுக்குப் போகும் வழியில் கடைக்கு வந்திருக்கிறார். அதே பிராண்டு பாட்டில். மருந்தும் ஏறக்குறைய அதே பழுப்பு நிறம்.

2. கட்டிங்கின் விதிகள்

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஒரு முழு குவார்ட்டர் வாங்க வழியில்லாதவன் கடை வாசலில் ஒதுங்கி நிற்பான். தன்னைப் போலவே நிற்கும் இன்னொருவனைப் பார்த்து, “கட்டிங்?” என்பான். அவன் தலையாட்டினால் போதும். இருவரும் சேர்ந்து ஒன்றை வாங்கி, பக்கத்து பாரில் உட்கார்ந்து பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். அளவில் கடுகளவு குறைந்தாலும் அடிதடி வரும். ஆனால் ஒருவன் பெயரை மற்றவன் கேட்க மாட்டான். எந்த ஊர், என்ன சாதி, என்ன வேலை, எதுவும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரே பெஞ்சில் இந்தக் கேள்வி இல்லாமல் இரண்டு பேர் உட்காருவது அங்கு மட்டும்தான் என்று நான் பெருமையாகக்கூட நினைத்ததுண்டு.

ராமலிங்கம் தன் பாதியை டம்ளரில் ஊற்றிக் குடித்திருக்கிறார். கட்டிங் போட்ட பையன், “எம் பங்கு பாட்டில்லயே இருக்கட்டும்ணே, ரூமுக்குக் கொண்டுபோறேன்” என்றிருக்கிறான். பையிலிருந்து துண்டை எடுப்பதற்காக ராமலிங்கம் மருந்து பாட்டிலை வெளியே எடுத்து மேஜை மேல் வைத்தார். பையன் போனில் பேசிக்கொண்டே எழுந்து, கைக்கு எட்டியதை எடுத்து பேண்ட் பாக்கெட்டில் செருகிக்கொண்டு போய்விட்டான். மிச்சம் இருந்ததை இவர் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டார்.

“பையன் பேரு என்னங்க?” என்று கேட்டேன்.

“கட்டிங்குல யாரு சார் பேரு கேக்குறா?” என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

3. ஆலத்தியூர்

பாரில் சப்ளை செய்யும் சேகருக்கு ஆள் முகத்தைவிட அவர்கள் கேட்கும் சைடு டிஷ்தான் நினைவில் இருக்கும்.

“ஆம்லேட்டுல மெளகு தூக்கலா கேட்ட பையன். ஷூ பூரா சிமெண்டு. போன்ல யார்ட்டயோ, ‘ஆலத்தியூர் பஸ் ஏறப்போறேன், நீங்க ஷிப்டு முடிஞ்சு வாங்க, ஆளுக்கு ஒரு வாய் இருக்கு’ன்னான் சார்.”

ஆளுக்கு ஒரு வாய். அப்படியென்றால் போவது ஓர் உயிர் மட்டும் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். எழுத்தர் பொறுமையாகத்தான் கேட்டார். “பேரு?” தெரியாது. “எந்தக் கம்பெனி?” தெரியாது. “சார், அங்க காண்ட்ராக்ட் பசங்க தங்கியிருக்கிற ரூமே தெருத் தெருவா இருக்கு. பேரில்லாத ஆள நான் என்னன்னு மைக்ல சொல்றது? வண்டி அனுப்புறேன். நீங்க எதாச்சும் அடையாளம் கெடச்சா ஒடனே சொல்லுங்க.”

அந்த ஊரில் எனக்குத் தெரிந்தவன் ஒருவன்தான். என் மகன் கார்த்தி. டிப்ளமோ முடித்துவிட்டு அங்கே ஒரு சிமெண்டு ஆலையில் காண்ட்ராக்டில் இருக்கிறான். அவனும் ரூமில்தான் தங்கியிருக்கிறான். அந்தத் தெருக்களில் தேடச் சொல்லலாம் என்று போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும்.

அப்போதுதான், ஷிப்டு முடிந்து வரும் அந்த ‘ஆளுக்கு ஒரு வாய்’ கூட்டத்தில் அவனும் இருக்கலாம் என்ற எண்ணம் வந்தது. வந்த வேகத்தில் அதைத் தள்ளினேன். என் மகன் குடிக்க மாட்டான். எங்கள் வீட்டில் என் வேலைக்கே ‘ஆபீஸ்’ என்றுதான் பெயர். அவன் ஆலையில் சேர்ந்த அன்று, “குடிச்ச வாயோட வூட்டுக்குள்ள காலு வெச்சிடாத” என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினேன். அவனும் தலையாட்டினான். தலையாட்டியதை நம்பித்தான் இருந்தேன்.

செல்வராசுவிடம் கடைச் சாவியைக் கொடுத்தேன். விதிப்படி அது கூடாது. அவன் வாங்கிக்கொண்டு தன் பைக் சாவியை நீட்டினான். ராமலிங்கம் பின்னால் ஏறிக்கொண்டார்.

4. ரயில்வே கேட்

சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே அந்தச் சாலையில் வேகமாகப் போக முடியாது. ராமலிங்கம் வழியெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். “எம் பொண்ணு வயசுங்க அந்தத் தம்பிக்கு. ‘அண்ணே, நீங்க மொதல்ல ஊத்திக்கங்க’ன்னு மரியாதையாக் குடுத்தான் சார்.”

“பேசாம வாங்க,” என்று கத்தினேன். அவர் மேல் கோபமில்லை. லாரிக்கும் லாரிக்கும் நடுவே வண்டியைச் செருகினேன்.

கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தி மறுபடி போன் போட்டேன். இந்த முறை மணி அடித்தது.

“அப்பா, இப்பதான் ரூமுக்கு வந்தேன். என்ன இத்தன மிஸ்டு கால்? அம்மாவுக்கு எதாச்சுமா?”

“அம்மா நல்லாருக்கா. அங்க யாராச்சும் அரியலூர்லேருந்து பிராந்தி கொண்டாந்தானா?”

போனைக் கையால் பொத்தும் சத்தம் கேட்டது. பிறகு, “சேச்சே, இல்லப்பா. இங்க யாரும் அதெல்லாம் தொட மாட்டாங்கப்பா,” என்றான்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். கம்பிக்கு வெளியே நின்று, “எனக்கில்லீங்க, மாமாவுக்கு” என்று சொல்லும் குரல். தினமும் கேட்கிறேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். டம்ளர் சத்தம் கேட்டது. நான் இன்னொரு முறை அப்பாவாகக் கேட்டால் அவன் இன்னொரு முறை ‘இல்லப்பா’ என்பான். பொய் சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அந்த ‘இல்லப்பா’வைச் சொல்லி முடிப்பதற்குள் அங்கே ஒருவன் குடித்து முடித்துவிடுவான்.

கவுண்டரில் நாங்கள் யாரையும், “குடிப்பீங்களா?” என்று கேட்பதில்லை. குடிப்பவனா இல்லையா என்பது எங்கள் வேலை இல்லை. என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று மட்டும் கேட்போம். எதிரில் இருப்பவன் நிமிர்ந்து பார்க்காமலேயே உண்மையைச் சொல்வான்.

“தம்பி, குவார்ட்டரா, ஆஃபா?” என்றேன். என் குரல் எனக்கே கடைக் குரலாகக் கேட்டது.

“…குவார்ட்டர்.”

“மூடி புதுசா, தொறந்ததா?”

“தொறந்தது. பக்கத்து ரூம் மணி கட்டிங் போட்டுக் கொண்டாந்தான்.”

“யாரு குடிச்சா?”

“மணி மட்டும் ஒரு வாய். நாத்தமா இருக்கு, மட்ட சரக்குன்னுட்டு எல்லா டம்ளர்லயும் கலர் சோடா ஊத்திக்கிட்டிருக்கான். அப்பா, நான் வந்து…”

“அது சரக்கு இல்ல. வயலுக்கு அடிக்கிற மருந்து. டம்ளர் எல்லாத்தையும் தட்டி வுடு. ஒருத்தன் வாயிலயும் படக் கூடாது. தட்டி வுடுறா!”

போன் கீழே விழுந்த சத்தம். எவர்சில்வர் டம்ளர்கள் உருளும் சத்தம். யாரோ, “டேய், லூசாடா நீ?” என்று கத்தினான். பிறகு லைன் போய்விட்டது. கூட்ஸ் வண்டி அப்போதுதான் வந்தது. சிமெண்டு ஏற்றிய பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. ராமலிங்கம் கேட்டின் இரும்பைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸுக்கும் போலீஸுக்கும் போன் செய்து, இப்போது பெயரையும் தெருவையும் சொன்னேன்.

5. ஆஸ்பத்திரி வராந்தா

மணி பிழைத்துவிட்டான். அந்த ஒரு வாயிலும் பாதியைத் துப்பியிருக்கிறான். மருந்தின் நாற்றம்தான் அவனைக் காப்பாற்றியது என்றார் டாக்டர். இருந்தாலும் அவனைப் பல நாள் படுக்க வைத்துவிட்டது. ராமலிங்கம் ஒவ்வொரு நாளும் வந்து வார்டுக்கு வெளியே நின்றார். உள்ளே போகப் பயம். ஒருநாள் நானே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மணி கண்ணைத் திறந்து பார்த்து, “அண்ணே, ஒங்க பேரு என்னண்ணே?” என்றான். அவர் பெயரைச் சொல்ல முடியாமல் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

அந்த முதல் நாள் சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கார்த்தி வராந்தாவில் நின்றிருந்தான். சட்டையெல்லாம் கலர் சிந்தியிருந்தது. நான் அவன் தோளையும் முகத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

“நீங்க போன் பண்ணப்போ டம்ளர் என் கையிலதாம்ப்பா இருந்துச்சு.”

இன்றுவரை அந்த ஒரு வரி என்னைத் தூங்க விடுவதில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்வது இதுதான். காலி பாட்டிலில் மருந்தோ ஆசிடோ ஊற்றி வைக்கும் பழக்கம் நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. மூடி திறந்த பாட்டிலோடு யாராவது பாருக்குள் வந்தால் வெட்கப்படாமல் வாங்கி மோந்து பாருங்கள். திட்டுவார்கள், திட்டட்டும். இன்னொன்று, நாம் கவுண்டரில் கேட்கும் கேள்வியை மட்டமாக நினைக்காதீர்கள். பதில் சொல்ல இடம் விட்டுக் கேட்கிற கேள்வி அது. நான் அதை ஊருக்கெல்லாம் கேட்டேன், வீட்டில் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கார்த்தி போன் செய்தான். கொஞ்ச நேரம் எதையோ பேசிவிட்டு, “அப்பா, நேத்து பெரம்பலூர்ல ஃப்ரெண்டு கல்யாணத்துல ஒரு பீர் குடிச்சேன். அதான் வூட்டுக்கு வரல,” என்றான். அவனைத் திட்டுவதற்கான சொற்கள் எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. அடுப்படியிலிருந்து மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூடிய நீயே தொறந்தியா?” என்று கேட்டேன்.

“நானேதாம்ப்பா தொறந்தேன்.”

“சரி. சாப்பிட்டியா?” என்றேன்.