பெருவிரல் நகத்தில் ஒரு ஸ்டிக்கர்

நாங்கள் ஊர் திரும்பிய புதிதில், பாப்பாமோட்டையில் வீட்டுத்திட்டக் கூட்டம் ஒன்று நடந்தது. பக்கத்துக் கதிரையில் ஒரு அம்மா, வெயிலில் கறுத்த முகம், காதில் கேட்கிற மெஷின். அதற்குள் இருக்கவேண்டிய பொத்தான் பற்றரியோ மடியில், கைக்குட்டைக்குள் கிடந்தது.

“போடேல்லையோ?” என்று கையால் கேட்டேன்.

“இப்ப பேசுறது பெரிய ஆக்கள். அதுக்கேன் பற்றரியை வீணாக்குவான்? பேர் வாசிக்கத் தொடங்க என்னைத் தட்டுங்கோ தம்பி.”

அவவின் பேரையும் நானே கேட்டுச் சொல்வதாகச் சைகை காட்டினேன்.

“ஐயோ வேண்டாம்! போனமுறை பக்கத்தில இருந்தவவும் அப்பிடித்தான் சொன்னவ. தன்ர பேர் வந்த சந்தோசப் புளுகத்தில எழும்பி ஓடிட்டா. என்ர பேருக்குக் குரல் குடுக்காமல் நான் இன்னும் கொட்டிலில. ஆஸ்பத்திரியில, பற்றரி மாத்தத் தேவையில்லாத, சார்ஜ் போடுற மெஷின் தாறம் எண்டவை. கரண்ட் இல்லாத கொட்டிலில அதை எங்க குத்துறது? முதல்ல வீடு வரட்டும்.”

பட்டியல் தொடங்கியது. தட்டினேன். பற்றரியின் துளையை மூடியிருந்த சின்ன ஸ்டிக்கரை உரித்துப் பெருவிரல் நகத்தில் ஒட்டிக்கொண்டு, பற்றரியை மெஷினுக்குள் போட்டா. கடைசிக்கு முதல் பேர் அவவின் பேர்.

“ஓம் ஐயா, இருக்கிறன்!”

அவ போட்ட சத்தத்தில் மண்டபமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவ பற்றரியைக் கழற்றி, நகத்திலிருந்த ஸ்டிக்கரைப் பக்குவமாகத் திருப்பி ஒட்டினா.

பிறகொருநாள் மன்னாரில் பற்றரிக் கடைக்காரர் சொன்னார்: அந்த ஸ்டிக்கரை ஒருக்கா உரித்தால் உள்ளே காற்றுப் பட்டுவிடும், திருப்பி ஒட்டினாலும் பற்றரி தன்பாட்டில் இறங்கிக்கொண்டுதான் போகுமாம்.

இதை அவவிடம் போய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பேரைக் கேட்கும்வரை அது நின்றுபிடித்ததே.