மாமியார் கட்சித் தலைவி

இப்போது வருகிற சீரியல்களைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் நான் லேசில் நிறுத்தமாட்டேன் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தூங்கி எழுகிற பெண் பட்டுச்சேலையும் கல் நெக்லஸுமாக எழுகிறாள். ஒருத்தி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதைக் கேட்ட அத்தனை பேர் முகத்தையும் தனித்தனியாகக் காட்டி, முகத்துக்கு ஒரு இடிச் சத்தம் போடுகிறார்கள். அதற்குள் பாதி எபிசோட் போய்விடுகிறது. பாட்டுப் போட்டி பார்க்கலாம் என்றால், பாடவந்த பிள்ளையின் வீட்டு ஓட்டைக் கூரையைக் காட்டி நடுவர்களை அழவைத்த பிறகுதான் பாடவே விடுகிறார்கள். நியூஸ் பக்கம் போனால் ஆறு பேர் சேர்ந்து கத்துகிறார்கள். மகன் பார்க்கச் சொன்ன வெப் சீரிஸில் யார் முகமும் தெரியவில்லை, அவ்வளவு இருட்டு. தெரிகிற நேரத்தில் ரத்தமாக இருக்கிறது.

இவ்வளவு வாய் பேசுகிற நான் ஒரு சீரியலை வருஷக்கணக்கில் ஒருநாள் விடாமல் பார்த்தேன். அதுவும் படுமட்டமான சீரியல்.

ஆரம்பத்தில் அது மட்டமாக இல்லை. ஒரு ஜவுளிக்கடைக் குடும்பம். புருஷன் போனபிறகு ஒற்றை ஆளாகக் கடையை நிமிர்த்திய மாமியார் ஒரு பக்கம், படித்துவிட்டு வந்து அந்தக் கடையை மாற்றப் பார்க்கிற மருமகள் இன்னொரு பக்கம். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் பிடிவாதக்காரிகள். விஷம் வைக்க ஆள் கிடையாது. சண்டை வந்தால் நியாயமான சண்டையாக இருக்கும். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து பார்ப்பேன்.

எங்கள் வீடு தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில். கணவருக்குத் தென்காசியில் எலக்ட்ரிக் சாமான் கடை. அவர் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வரும்வரை வீட்டில் நான் மட்டும்தான். மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபிறகு நான் டிவியிடம் பேச ஆரம்பித்திருந்தேன். மருமகளுக்கு யோசனை சொல்வேன், மாமியாரைத் திட்டுவேன். லீவில் வந்த மகன் அதைப் பார்த்துவிட்டு, "டிவிட்ட பேசுததுக்கு மனுசங்ககிட்ட பேசலாம்லாம்மா" என்று என் போனில் அந்தச் சீரியல் ரசிகர்கள் குரூப் ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டான்.

அந்தக் குரூப்பில் பெயர், ஊர் கேட்கிற பழக்கம் கிடையாது. கேட்பது ஒன்றுதான்: நீங்கள் மாமியார் கட்சியா, மருமகள் கட்சியா? நான் சேர்ந்த அன்றே மருமகள் கட்சி. சீரியல் ஆட்களைச் சொந்தக்காரர்களைப் போலவே பேசுவோம். மாமியாரை "நம்ம பெரியவ", மருமகளை "நம்ம சின்னவ" என்றுதான் சொல்வோம். வளைகுடாவில் வேலை பார்க்கிற அண்ணாச்சிகள் சிலர் இருந்தார்கள். அவர்கள் டூட்டி முடிந்து ரூமுக்கு வந்து பார்க்கும்வரை அன்றைய கதையை யாரும் வாயைத் திறந்து சொல்லக்கூடாது. அது எழுதாத சட்டம், ஒருவரும் மீறியதில்லை.

ஒருநாள் மாமியார் கடைச்சாவியை ஒளித்துவைத்துவிட்டாள். நான் கொதித்துப்போய் நீளமாக எழுதினேன். பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்கிற அளவுக்குப் போய்விட்டேன். அதற்கு ஒருத்தி எழுதிய பதில்: "நேத்து வந்தவட்ட சாவியக் குடுத்துட்டு அவ என்ன செய்ய? நம்மள மாதிரி உக்காந்து சீரியல் பாக்கவா?" அடுக்களையில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். அவள்தான் மாமியார் கட்சித் தலைவி. அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் தினமும் சண்டை. குரூப்பில் மற்றவர்கள் சீரியலைவிட எங்கள் சண்டைக்குத்தான் காத்திருந்தார்கள்.

அவள் எந்த ஊர் என்று எனக்குத் தெரிந்தது ஒரு ஜூலை மாதத்தில். சென்னைக்காரர்களும் மதுரைக்காரர்களும் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இவள் எழுதினாள்: "எங்க வீட்ல நாலு நாளா துணி காயல. வெயிலடிக்கேன்னு கொண்டு போட்டா உடனே தூத்துது." அதைப் படித்தபோது எங்கள் ஹாலில் ஃபேனுக்குக் கீழே கட்டிய கொடியில் காயாத துணிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். தமிழ்நாடே வேகிற மாதத்தில் வெயிலும் தூற்றலும் சேர்ந்து அடித்துத் துணி காயாமல் கிடக்கிற ஊர் எது? குற்றாலத்துச் சாரல் எட்டுகிற தூரத்துக்குள் இருப்பவளாகத்தான் இருக்கவேண்டும். தனியாக ஒரு மெசேஜ் போட்டேன். "இங்கனயும் காயல." உடனே பதில் வந்தது. "ஏட்டி, நீ தென்காசியா? நான் கடையநல்லூரு!"

வெளிநாட்டில் இருப்பவளோ என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவள் ஒரு பஸ் தூரத்தில் இருந்திருக்கிறாள். அந்தச் சந்தோஷம் இன்றைக்கு நினைத்தாலும் வருகிறது. என்னைவிட மூத்தவள் என்பதால் அன்றுமுதல் அவள் எனக்கு அக்கா.

அந்தக் குற்றால சீசனிலேயே ஐந்தருவியில் சந்திப்பது என்று முடிவானது. "எப்படிக்கா அடையாளம் தெரியும்?" என்று கேட்டேன். "கறுப்புப் புர்கா போட்டிருப்பேன். கையில ரம்புட்டான் பை இருக்கும்" என்றாள். போய்ப் பார்த்தால் பழக்கடைகளுக்கு முன்னால் பாதிப் பெண்கள் கறுப்புப் புர்காவில் நிற்கிறார்கள். ரம்புட்டான் பை இல்லாத கை ஒன்றுகூட இல்லை. போனில் சிக்னலும் இல்லை. நான் பொறுமைசாலி அல்ல. நடுவில் நின்று, "மாமியார் கட்சி ஒழிக!" என்று ஒரு சத்தம் போட்டேன். அத்தனை பேரும் திரும்பி என்னைப் பைத்தியம் போலப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் பையைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

குளித்துவிட்டு ஈரத்தலையோடு மிளகாய் பஜ்ஜிக் கடையில் நின்றோம். வழக்கம்போல் சண்டை ஆரம்பித்தது. பெரியவள் சாவியை ஒளித்தது தப்பு என்று நான், உழைத்து உண்டாக்கியவளுக்கு உரிமை இல்லையா என்று அவள். பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த பெண் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "எக்கா, தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பிள்ளையத் தனிக்குடித்தனம் வச்சிருங்க. ரெண்டு பேருக்கும் அதுதான் நல்லது." இது சீரியல் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அக்கா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "நாங்களும் அதத்தாம்மா யோசிக்கோம்" என்றாள். அடுத்த சீசனில் போனபோது அந்தப் பெண் மறக்காமல், "அந்தப் பிள்ள தனியாப் போயிருச்சா?" என்று விசாரித்தாள். அக்கா ஒரு வருஷக் கதையையும் சொல்ல, அவள் எங்களுக்கு இரண்டு பஜ்ஜி சேர்த்துக் கொடுத்தாள்.

இப்படி ஒவ்வொரு சீசனுக்கும் ஒருநாள். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. போனில் பழக்கமான சிநேகிதி என்று சொன்னால் சிரிப்பார்களோ என்று இரண்டு பேருக்குமே கூச்சம். என் கணவரிடம்கூடப் பழைய சிநேகிதி என்றுதான் சொல்லியிருந்தேன்.

பிறகு மாமியாராக நடித்த அம்மாள் விலகிவிட்டார். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று கீழே ஒரு வரி ஓடியது. புதிதாக வந்தவர் மருமகளுக்குத் தங்கைபோல இருந்தார். நடிக்க வேண்டியதையெல்லாம் புருவமே பார்த்துக்கொண்டது. கதை போன போக்கைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மருமகளுக்கு ஞாபகம் போனது, அவளைப்போலவே இன்னொருத்தி முளைத்தாள், பாலில் விஷம் வந்தது. ஜவுளிக்கடையையே எல்லோரும் மறந்துபோனார்கள். குரூப்பில் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நானும் விட்டுத்தொலைக்கலாம் என்று இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுது என்று தெரிந்தது. வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் செய்யத் திருநெல்வேலிக்குப் போய்வர வேண்டும். "டிவி முன்னால உக்கார முடியலட்டி. நீ பாத்துச் சொல்லு, நான் கேட்டுக்கிடுதேன்" என்றாள். படுத்துக்கிடக்கிறவள் கேட்கிறாள், அவளுக்கு அந்தச் சீரியல்தான் ஒரே பொழுதுபோக்கு, எப்படி மாட்டேன் என்று சொல்வேன்? பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். முடிந்ததும் வாய்ஸ் மெசேஜில் கதை சொல்வேன். மாமியார் மாதிரி, மருமகள் மாதிரி, நடுவில் விழுகிற இடி மாதிரி எல்லாம் பேசிக்காட்டுவேன். டைரக்டரை ஒரு பாட்டம் திட்டுவேன். "அவ இன்னைக்கு என்ன சேல? புருவம் எதுவரைக்கும் போச்சு?" என்று மறுநாள் காலையில் கேள்வி வரும். மாமியாரை விட்டுக்கொடுக்காமல் அப்போதும் சண்டை போடுவாள்.

போன சீசனுக்கும் வந்தாள், மகள் துணையோடு. மகள் தூரத்தில் நிழலில் உட்கார்ந்துகொண்டாள். அக்கா மெலிந்து பாதி ஆளாகியிருந்தாள். பஜ்ஜி வேண்டாம் என்றாள். என்னைக் குளிக்கச் சொல்லிவிட்டு ஈரம் படாத இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் துவட்டிக்கொண்டு வந்தபோது, "ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணிதான் குடிக்கணும்னு டாக்டர் அளந்து குடுத்திருக்காரு. இங்கன பாரு, கேக்க ஆளில்லாம எப்படிக் கொட்டுது" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அருவியைப் பார்த்தபடி நின்றேன்.

இந்த வருஷம் சீசன் ஆரம்பிக்கும் முன்பே, அவள் போனிலிருந்து குரூப்பில் ஒரு செய்தி வந்தது. "அம்மா மவுத்தாயிட்டாங்க. துஆ செய்யுங்க." எழுதியது மகள். எங்கிருந்தோ பழைய ஆட்களெல்லாம் வந்து கும்பிட்ட கைகளாகப் போட்டு நிரப்பினார்கள். அவளோடு சண்டை போடாதவர்களெல்லாம் எதற்கு இப்போது கும்பிடுகிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. போனைத் தூரப் போட்டுவிட்டு அழுதேன்.

மறுநாள் கடையநல்லூருக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே பயம். அங்கே போய் யாரென்று சொல்வேன்? சொந்தமில்லை, பக்கத்து வீடில்லை, கூடப் படித்தவள் இல்லை. ஒரு மட்டமான சீரியலை வைத்துச் சண்டை போட்டவள் என்று சாவு வீட்டில் எப்படிச் சொல்வது? அவள் வாழ்க்கையில் நான் ஒரு போன் விளையாட்டு மட்டும்தானோ என்கிற சந்தேகம் இருப்புக் கொள்ளவிடவில்லை. பாதியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அக்கா பேச்சுவாக்கில் சொல்லியிருந்த தெருவை விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். ஹாலில் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக உட்கார்ந்தேன். மகளைக் காணவில்லை. பக்கத்தில் இருந்த பெண் மெதுவாக, "எங்கேருந்து வாரீக?" என்று கேட்டாள்.

"தென்காசிம்மா. அக்காவும் நானும்..." என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

சொல்லத் தேவையிருக்கவில்லை. எதிரே இருந்தவள் நிமிர்ந்தாள், அடுக்களை வாசலில் நின்ற அக்காவின் மருமகள் திரும்பினாள். "இந்தச் சத்தம்... சீரியல் சாச்சிலா!" என்றாள். அவர்கள் வீட்டில் அம்மாவின் தங்கையைச் சாச்சி என்பார்கள். உள்ளேயிருந்து மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தினமும் சாயங்காலம் மஹ்ரிப் தொழுதுட்டு ஒங்க மெசேஜ ஸ்பீக்கர்ல போட்டுருவாங்க. மிக்ஸி ஓடுனா, 'நிறுத்துட்டி, என் தங்கச்சி பேசுதா'ன்னு சத்தம் போடுவாங்க. வீட்ல எல்லாரும் கேப்போம் சாச்சி."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "அந்தச் சீரியல்னா அக்காவுக்கு அவ்வளவு இஷ்டம். உக்காந்து பாக்கத்தான் முடியாமப் போச்சு" என்றேன்.

மகள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். "இஷ்டமா? அந்த மாமியார மாத்துனாங்கள்லா, அன்னைக்கே ரிமோட்டத் தூக்கி எறிஞ்சவங்க. அதுக்கப்புறம் நல்லா இருந்த நாள்லயும் ஒரு நாள்கூடப் பாக்கல."

"பின்ன ஏன் என்கிட்ட தெனமும் கதை கேட்டா?"

"நாங்களும் கேட்டோம். 'பாவம்டி அவ. பிள்ளையும் பக்கத்துல இல்ல. அந்தச் சீரியல்னா அவளுக்கு உசுரு. எல்லாரும் விட்டுட்டுப் போயிட்டா, நானும் கேக்கலன்னா அவ யார்ட்ட போய்ச் சொல்லுவா?'ன்னாங்க."

மவுத்து வீடு என்பதையும் மறந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு உசுரா? அந்தப் பாழாப்போன சீரியலா? அக்கா கேக்காளேன்னுதாம்மா நான் அதப் பாத்ததே!" என்றேன். மகள் ஒரு நிமிஷம் விழித்தாள். அப்புறம் அவளும் சிரித்தாள், மருமகளும் சிரித்தாள். சிரித்தபடியே மூன்று பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதோம். ஓதிக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் வீடு திரும்பியபோது கணவர் சீக்கிரமே கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, நேரம் ஆனதும் அவரே டிவியைப் போட்டு அந்தச் சேனலை வைத்தார். டைட்டில் பாட்டு ஓடியது. நான் எழுந்துபோய் டிவியை அணைத்தேன்.

"ஏன், பாக்கலையா?" என்றார்.

"எனக்கு இந்தச் சீரியல் பிடிக்காது."

வருஷக்கணக்கில் நான் அதற்காக அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்ததைக் கேட்டும் பார்த்தும் இருந்த மனுஷன், நிஜமாகவே புரியாமல், "எப்பத்துலருந்து?" என்று கேட்டார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.